துணியின் கரையில் ‘வெர்ஜின் வூல்’: ஜவுளி வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சூட்டிங் துணி விற்கும் ஜவுளிக் கடை முதலாளிகளுக்கும், அதை மில்லிலிருந்து மொத்தமாக எடுத்து ஊர் ஊராக அனுப்பும் வியாபாரிகளுக்கும் வணக்கம்.

நான் குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் மலையில் கோட்டு ஆடம்பரம் இல்லை. உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளின் பிளேசர், வெலிங்டனில் படிக்க வரும் ராணுவ அதிகாரிகளின் சூட், டிசம்பர் பனிக்குப் பெரியவர்கள் கேட்கும் அரைக்கோட்டு என்று வருஷம் முழுக்கக் கம்பளித் துணி என் வெட்டும் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறது. சமவெளியிலிருந்து ரிசப்ஷன் கோட்டு தைக்க வருகிறவர்களும் உண்டு. வருகிற துணியில் பெரும்பகுதி உங்கள் கடைகளில் வாங்கியது. அதனால் இதை அரசாங்கத்துக்கு எழுதாமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

சமீப காலமாக என்னிடம் வரும் சூட் பிட்டுகளின் ஓரக்கரையில் பளபளக்கும் எழுத்துகளில் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி வாசகம் நெய்திருக்கிறது: ‘சூப்பர் 150’, ‘பியூர் வெர்ஜின் வூல்’. சிலவற்றில் இத்தாலி, இங்கிலாந்து என்று ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். கரையிலிருந்து இரண்டு நூல் உருவித் தீக்குச்சி காட்டினால் பாதிக்குப் பாதி உருகிச் சொட்டுகிறது. அது பாலியஸ்டர். மீதியில் சில நிஜமாகவே கம்பளி. ஆனால் அதுவும் வெர்ஜின் வூல்தானா என்று கேட்டால் விற்றவருக்குத் தெரியவில்லை, அவருக்குக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. எழுதியிருக்கிறது, அதனால் சொல்கிறோம் என்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நீங்கள் நிறுத்த வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அந்த வாசகத்துக்கு என்ன பொருள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் நிற்கும் உங்கள் பையன்கள் பலர் அதை மெரினோ என்ற நுண்மயிர் ஆட்டினத்தின் கம்பளி என்கிறார்கள், குட்டி ஆட்டு மயிர் என்கிறார்கள், ரொம்ப மென்மையானது என்கிறார்கள். மூன்றும் இல்லை. ஆட்டின் மேலிருந்து எடுத்த மயிர் முதல் தடவையாக நூலாகி, முதல் தடவையாகத் துணியானால் அது வெர்ஜின் வூல். தமிழில் புதுக் கம்பளி என்று சொல்லலாம். ஏற்கெனவே ஒரு ஸ்வெட்டராகவோ போர்வையாகவோ கோட்டாகவோ இருந்து, கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்றது மறுசுழற்சிக் கம்பளி. தையல் கடை வெட்டுத்துண்டிலிருந்து திருப்பி எடுத்ததும் அந்தக் கணக்கில்தான் வரும். இந்த வேறுபாட்டைத் தவிர வேறு எதையும் அந்த வாசகம் சொல்வதில்லை.

மயிரின் பருமனைப் பற்றி அது பேசவில்லை. முரட்டுக் கம்பள ரக ஆட்டின் மயிரும் முதல்முறை நூற்றால் புதுக் கம்பளிதான். கழுத்தில் பட்டால் அரிக்கும். முடி சீவும்போது உதிர்வதுபோல, கம்பளியைக் கோம்பிங் செய்யும்போது கழிந்து விழும் குட்டை மயிரும் அதுவரை நூலாகாததால் புதுசுதான். ஆனால் அதை வைத்து நீங்கள் நினைக்கும் வழுவழுப்பான சூட்டிங் நெய்ய முடியாது. ஆட்டை எப்படி வளர்த்தார்கள், வாலருகே தோலைச் சீவினார்களா, துணி சுருங்காமலிருக்கக் குளோரின் போட்டார்களா என்பதற்கெல்லாம் அந்த வாசகத்தில் பதில் கிடையாது. அதையெல்லாம் வேறு சான்றுகளில்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். மயிரின் நீளம்தான் காரணம். நல்ல மெரினோ மயிர் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதை அழுக்கும் கொழுப்பும் போகக் கழுவி, கார்டிங் செய்து (சிக்கெடுத்துப் பிரித்து), கோம்பிங் செய்து (சீப்பால் வாரி), ஒன்றுக்கொன்று இணையாகப் படுக்கவைத்து முறுக்கினால் நூல் உறுதியாக நிற்கும். அதே மயிர் ஒரு கோட்டில் பல வருஷம் உழைத்து, தேய்ந்து, அப்புறம் முள் உருளையில் கிழிபட்டு வரும்போது துண்டு துண்டாகிவிடுகிறது. மயிரின் மேலே மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்கும் தோலும் அங்கங்கே உரிந்திருக்கும். குட்டையான மயிர் நூலை விட்டுச் சீக்கிரம் வெளியே தலை நீட்டும். துணியில் பிசிர் உருண்டு நிற்கும். முழங்கை, பாக்கெட் வாய், கால்சட்டையின் தொடைச் சந்து என்று உராயும் இடங்களில் முதலில் மெலிந்து அப்புறம் விடும். தைத்தவனிடம்தான் புகார் வரும்.

தையற்காரனுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. நல்ல புதுக் கம்பளியை ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால் அது சொன்ன பேச்சைக் கேட்கும். காலரின் வளைவில் இழுத்தால் நீளும். கைக்குழியில் சேரும் சுருக்கத்தை ஆவியில் அழுத்தினால் உள்ளுக்குள் ஒடுங்கிக் காணாமல் போகும். தோள் படிந்து உட்காருவது வெட்டில் பாதி, இந்த வேலையில் பாதி. பாலியஸ்டர் கலந்த துணி இதற்கு ஒத்துழைக்காது. அழுத்தினால் பளபளவென்று மினுங்கும், எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கக்கூடியது. எங்கள் ஊர் மூடுபனியில் பள்ளிப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பிளேசர் துணி எதுவாக இருந்தால் என்ன என்று என்னால் விட்டுவிட முடியாது.

ஒரு கோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிள்ளையின் ரிசப்ஷனுக்கு அப்பா ஒருவர் துணி வாங்கி வந்தார். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். சாம்பல் நிற ஃபிளானல். கரையில் வெர்ஜின் வூல் என்று இருந்தது. நூல் எரித்துப் பார்த்தேன். முடி கருகும் வாசனை, தீயை எடுத்ததும் தானே அணைந்தது, விரலில் நசுக்கினால் கரியாகப் பொடிந்தது. கம்பளிதான், சந்தேகமே இல்லை. அப்புறம் நூல் எண்ணும் பூதக்கண்ணாடியான பிக் கிளாஸை வைத்து, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தூரத்தில் சாம்பலாகத் தெரிந்த நூலுக்குள்ளே சிவப்பு மயிர், நீல மயிர், பச்சை மயிர், நடுவில் ஒரு வெள்ளைத் தையல்நூல் துணுக்கு. மயிர் ஒவ்வொன்றும் நகத்தளவு நீளம். சாயம் போட்டு வந்த சாம்பல் நிறம் இல்லை அது. யார் யாரோ உடுத்திய ஸ்வெட்டர்களின் நிறங்கள் சேர்ந்து வந்த சாம்பல். அந்த அப்பா மீட்டருக்குக் கொடுத்திருந்த விலை புதுக் கம்பளியின் விலை. முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் அதையே தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். அடுத்த குளிருக்குள் முழங்கை இரண்டும் வலை மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் துணி கெட்ட துணி இல்லை. போர்வையாகவோ, கனமான அரைக்கோட்டாகவோ, சரியான விலைக்கு, சரியான பெயரோடு விற்றிருந்தால் அது பல வருஷம் உழைத்திருக்கும். பெயரை மாற்றி விற்றதுதான் தப்பு.

இங்கே பானிப்பட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஹரியானாவில் இருக்கும் அந்த ஊருக்கு உலகத்தின் பல நாடுகளில் கழித்த உல்லன் துணி கன்டெய்னர் கன்டெய்னராக வந்து இறங்குகிறது. மறுபடி உடுப்பாக விற்கக் கூடாது என்பதற்காகக் கோட்டையும் ஸ்வெட்டரையும் குறுக்கே வெட்டிக் கிழித்துத்தான் உள்ளே விடுவார்கள். மலையாகக் குவிந்த அந்தத் துணிக்கு முன்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்து பொத்தான், ஜிப், லைனிங், லேபிள் எல்லாவற்றையும் கையால் அறுத்து எடுக்கிறார்கள். அரிவாள்மணை மாதிரி நட்டுவைத்த கத்தியில் துணியை இழுத்துத் துண்டு போடுகிறார்கள். அப்புறம் நிறம் பிரிப்பது. சிவப்பில் எத்தனை சிவப்பு, நீலத்தில் எத்தனை நீலம் என்று அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும். நிறம் சரியாகப் பிரிந்தால் மறுபடி சாயமே போட வேண்டாம். சாயத்துக்குச் செலவாகும் தண்ணீரும் ரசாயனமும் மிச்சம். பிரித்த துணியை எண்ணெயும் தண்ணீரும் தெளித்து முள் உருளையில் விட்டுப் பஞ்சாக்கி, கார்டிங் செய்து, பருமனான நூலாக நூற்று, போர்வை நெய்கிறார்கள். பூகம்பம், வெள்ளம் என்றால் நிவாரண முகாம்களுக்குப் போகும் மலிவான கம்பளிப் போர்வைகளில் ஏராளமானவை அந்த ஊரிலிருந்து போனவை. பாலியஸ்டர் ஃபிளீஸ் போர்வை வந்தபிறகு அந்தத் தொழில் பெரிதும் அடிவாங்கியது.

இத்தாலியில் பிராட்டோ என்ற ஊரும் இதே வேலையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்கிறது. இதையெல்லாம் தொடங்கிவைத்தது இங்கிலாந்தின் யார்க்ஷயர். 1813இல் பேட்லி ஊர்க்காரர் பெஞ்சமின் லா, கந்தலைக் கிழித்துப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் வழியைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். கொஞ்ச காலத்தில் பேட்லியும் டியூஸ்பரியும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் கந்தல் வாங்கும் ஊர்களாகிவிட்டன. ஏழைக்கும் ஒரு கம்பளிக் கோட்டு கிடைத்தது அந்தத் தொழிலால்தான். எனக்கு அந்தத் தொழிலின் மேல் மரியாதை உண்டு.

பானிப்பட்டில் அந்தப் பெண்கள் பிரித்த நிறத்தை, ‘வெர்ஜின்’ என்று கரை போட்டு விற்கும்போது இரண்டு பேரை ஏமாற்றுகிறோம். வாங்குகிறவரின் பணம் போகிறது. அந்தத் துணியைப் பஞ்சாக்கி மறுவாழ்வு கொடுத்தவர்களின் உழைப்பு இருந்த சுவடே இல்லாமல் போகிறது. மறுசுழற்சிக் கம்பளி என்று தைரியமாக எழுதினால் அதைத் தேடி வாங்க இன்றைக்கு ஆள் இருக்கிறார்கள். சுற்றுச்சூழலைப் பற்றி அக்கறையுள்ள இளைஞர்கள் என் கடைக்கே வந்து கேட்கிறார்கள்.

உங்களில் பலருக்குத் திருப்பூர் வியாபாரம் தெரியும். அங்கே பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிழித்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) என்ற மலிவான நூலாக்குகிறார்கள். வாங்குகிறவர் ஓ.இ. என்று கேட்டே வாங்குகிறார், விற்கிறவர் ஓ.இ. என்று பில் போட்டே விற்கிறார். யாராவது ஓ.இ. நூலை உயர்தரமான கோம்ப்டு நூல் என்று சொல்லிக் கொடுத்தால் அடுத்த நாள் சந்தையில் அவரிடம் யாரும் நூல் எடுக்க மாட்டார்கள். பருத்தியில் இவ்வளவு கறாராக இருக்கும் நீங்கள் கம்பளியில் ஏன் கரை எழுத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்? வாங்குகிற ஜனங்களுக்குக் கம்பளி பழக்கமில்லை, கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

சரி, சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டுமே என்று ஒரு வியாபாரி என்னிடம் சொன்னார். அதற்குத்தான் இந்த மடலில் அழுத்தமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். கம்பளியா இல்லையா என்பதைச் சோதிக்க முடியும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியே எரித்துப் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் பாலியஸ்டர் வைத்து நெய்வது உண்டு, அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். சலவைக்குப் போடும் பிளீச்சில் ஒரு துண்டை ஊறவைத்தால் கம்பளி கரைந்து போய்விடும், பாலியஸ்டர் அப்படியே நிற்கும். இதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் கம்பளி புதுசா, மறுசுழற்சியா? எரித்தால் இரண்டும் ஒரே வாசனை, ஒரே கரி. பிளீச்சில் இரண்டும் கரையும். பிக் கிளாஸில் பல நிற மயிர் தெரிந்தால் சந்தேகப்படலாம். ஆனால் புது மயிரையே பல நிறத்தில் சாயம் போட்டுக் கலந்து மெலாஞ்சாக நூற்பதும் உண்டு. கிழித்த பஞ்சைக் கறுப்புச் சாயத்தில் முக்கிவிட்டால் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் பழசைப் புதுசோடு கலந்துவிட்டால் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் வைத்து, செதில் உரிந்திருக்கிறதா, முனை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறவருக்கும் இத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்வது கஷ்டம்.

ஆகவே வெர்ஜின் வூல் என்பதைத் துணியைப் பார்த்து நிரூபிக்க முடியாது. மயிர் எங்கிருந்து வந்தது, எந்த மில்லில் நூலானது என்ற காகிதம்தான் நிரூபணம். அந்தக் காகிதம் வாடிக்கையாளர் கைக்கு வராது, என் கைக்கும் வராது. மில்லோடு கணக்கு வைத்திருப்பவர்கள் நீங்கள் மட்டும்தான்.

அமெரிக்கர்கள் இதே வாதத்தை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடத்தி முடித்துவிட்டார்கள். கம்பளிப் பொருள்களுக்கு லேபிள் கட்டாயம் என்று சட்டம் வரவிருந்தபோது, முடிந்த துணியில் புதுசையும் பழசையும் பிரித்துக் காட்ட முடியாதே, அப்புறம் எப்படி அமல்படுத்துவீர்கள் என்று ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். ஆடு வளர்ப்பவர்கள் மறுபக்கம் நின்றார்கள். கடைசியில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் என்ற பெயரோடு அது 1940 அக்டோபரில் நிறைவேறி, 1941இல் நடைமுறைக்கு வந்தது. சோதனையில் தெரியாததைக் கணக்குப் புத்தகத்தில் பிடித்தார்கள். எந்தத் துணியில் எந்த மயிர் போனது என்ற பதிவேட்டைத் தயாரிப்பாளர் குறைந்தது மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கிழித்து மறுபடி நூற்றதற்குத் தனிப் பெயர் போட வேண்டும். உடுத்திக் கழித்ததிலிருந்து வந்தது, உடுத்தாமல் வெட்டுத்துண்டிலிருந்து வந்தது என்று முதலில் இரண்டு பெயர்கள் வைத்திருந்தார்கள். 1980இல் இரண்டையும் சேர்த்து மறுசுழற்சிக் கம்பளி என்று ஒன்றாக்கினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு விதி இன்னும் நுணுக்கமாகப் போகிறது. ஏற்கெனவே முடிந்த ஒரு பொருளில் இடம்பெறாத, அந்தப் பொருளைச் செய்யத் தேவையானதற்கு மேல் நூற்பதற்கோ ஃபெல்ட் ஆக்குவதற்கோ உட்படாத, பயன்பாட்டால் சேதமாகாத மயிராக இருந்தால்தான் வெர்ஜின் வூல் என்று லேபிள் போடலாம். கலப்புத் துணியில் போட வேண்டுமானால் அதிலுள்ள கம்பளி முழுவதும் இப்படி இருக்க வேண்டும், மொத்த எடையில் 25 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது அதில் இருக்கும் சின்ன எண் ஒன்று. சாதாரணமாக நூறு சதவீதம் என்று எழுதும் துணியில் தவிர்க்க முடியாமல் ஒட்டிவரும் வேற்று இழைக்கு 2 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறார்கள், கார்டிங் செய்த துணிக்கு 5 சதவீதம் வரை. வெர்ஜின் வூலுக்கு வெறும் 0.3 சதவீதம். கந்தலைக் கிழித்த பஞ்சில் தையல்நூல், லைனிங் துணுக்கு, நைலான் இழை ஏதாவது ஒட்டியே வரும். புது மயிரில் அப்படி வருவது மிகக் குறைவு. தொழிலைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் எழுதிய விதி அது.

நம் நாட்டுச் சட்டத்திலும் உங்களைத் தொடும் ஒரு வரி இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘விளம்பரம்’ என்று எதையெல்லாம் சொல்கிறது தெரியுமா? டிவியில் வருவது மட்டும் இல்லை. லேபிள், மேலுறை, பில் எல்லாமே அதில் அடக்கம். பொருளைப் பொய்யாக விவரித்தால் அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கரையில் நெய்த எழுத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, அது மில்லில் போட்டது என்று என்னிடம் சொன்ன கடைக்காரர்கள் இதை ஒருமுறை வக்கீலிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

‘சூப்பர்’ எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கம்பளி மயிரின் நுண்மைக்கான கணக்கு. சூப்பர் 100 என்றால் மயிரின் பருமன் சராசரி 18.75 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அல்லது அதைவிட நுண்மை. பத்துப் பத்தாக ஏறும்போது அரை மைக்ரான் குறையும். சூப்பர் 150 என்றால் 16.25. அவ்வளவு நுண்மையான மயிர் மிகச் சில மந்தைகளிலிருந்து வருகிறது. விலையும் அதற்கேற்றபடி இருக்கும். மீட்டர் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டெர்ரி ரேயான், அதாவது பாலியஸ்டரும் ரேயானும் கலந்த துணியின் கரையில் அந்த எண்ணைப் போட எந்த நியாயமும் இல்லை. ஆடித் தள்ளுபடியில் அப்படிப்பட்ட பிட்டுகளை அடுக்கிவைத்து, ஆவணி முகூர்த்தத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு கோட்டு தைத்துக்கொள்ளும் குடும்பங்கள்தான் அதை வாங்குகின்றன.

ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்களும் இதே நம்பிக்கையில் ஸ்வெட்டர் வாங்குகிறார்கள். மலையில் விற்பதால் மலை ஆட்டின் கம்பளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரோட்டோரம் தொங்குவதில் பெரும்பாலானது அக்ரிலிக். நீலகிரிக்கென்று நிஜமாகவே ஓர் ஆட்டினம் இருக்கிறது. கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு வெள்ளைக்காரர் காலத்தில் மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆடுகளைச் சேர்த்து உருவானது. தென்னிந்திய ஆடுகளில் நுண்மையான மயிர் தருவது அதுதான். சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். கொடைக்கானல் மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை ஒன்றில் பாரத் மெரினோ வளர்க்கிறார்கள். அந்த மயிரில் நெய்த துணிக்குப் புதுக் கம்பளி என்று பெயர் போட்டால் அது உண்மை, பெருமையும்கூட. பொய்க் கரைகள் சந்தையை நிறைத்திருக்கும்வரை இப்படிப்பட்ட நிஜச் சரக்குக்கு நிஜ விலை கிடைக்காது. மயிர் கத்தரித்துக் கொடுக்கிற மேய்ப்பருக்கு அதில் ஒரு பங்குகூடப் போய்ச் சேராது.

நான் உங்களிடம் கேட்பது இவைதான். சூட்டிங் வாங்கும்போது, இழை எத்தனை சதவீதம், கம்பளி புதுசா மறுசுழற்சியா என்பதை மில்லிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராத மில்லின் துணியை வெறும் கம்பளி என்றோ, கலப்பு என்றோ விற்கலாம். வெர்ஜின் வூல் என்று மட்டும் விற்காதீர்கள். தந்த காகிதத்தைச் சட்டம் கேட்காவிட்டாலும் மூன்று வருஷம் ஃபைலில் வையுங்கள். பில்லில் ‘சூட் பிட் 1’ என்று போடாமல் இழை விவரத்தைப் போடுங்கள். ஒரு வரிதான், கம்ப்யூட்டர் பில்லில் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். வூல்மார்க் சுருள் முத்திரை இருக்கிறது என்று காட்டினால், அந்த உரிமம் எந்த மில்லுக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். 1964இலிருந்து சுத்தமான புதுக் கம்பளிக்கு அடையாளமாக இருக்கும் முத்திரை அது. ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டுவது அதைச் சம்பாதித்துக்கொண்டவர்களுக்குச் செய்யும் துரோகம்.

மறுசுழற்சிக் கம்பளிக்குத் தனி அலமாரி வையுங்கள். மேலே பெயர் எழுதுங்கள். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை உங்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அரைக்கோட்டு, தொப்பி, போர்வை, லைனிங் வைத்த ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் அது தாராளமாக ஆகும். இறுக்கமாகத் தைக்கும் கால்சட்டைக்கு வேண்டாம். தினமும் பெஞ்சில் முழங்கை ஊன்றும் பள்ளிப் பிள்ளையின் பிளேசருக்கு வேண்டவே வேண்டாம். இவ்வளவு சொன்னாலே வாடிக்கையாளர் மறுபடி உங்களிடம் வருவார்.

மொத்த வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கரை வாசகத்தைக் கேட்டு நெய்ய வைப்பது நீங்கள்தான் என்று தறிக்காரர்கள் சொல்கிறார்கள். எந்த வாசகம் வேண்டும் என்றாலும் கரையில் நெய்து தரத் தறிக்காரரால் முடியும். அவர் கூலிக்கு நெய்கிறார். அந்த ஆர்டரை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். விலை குறைந்த நல்ல துணிக்கு அதன் சொந்தப் பெயரிலேயே சந்தை இருக்கிறது. டெர்ரி ரேயான் இத்தனை வருஷமாக நம் ஊரில் கோட்டாகவும் சஃபாரியாகவும் உழைத்த துணி. அதற்கு வேறு வேஷம் தேவையில்லை.

என் கடையில் இனி என்ன செய்யப்போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைக்க வரும் ஒவ்வொரு கம்பளித் துணியிலும் பாவிலும் ஊடையிலும் ஒவ்வொரு நூல் எடுத்து வாடிக்கையாளர் முன்னாலேயே எரித்துக் காட்டுவேன். பிக் கிளாஸையும் அவர் கையில் கொடுத்துவிடுவேன். பார்த்ததை ஆர்டர் சீட்டில் எழுதி, அந்தத் துணியில் ஒரு சின்னத் துண்டைப் பின் குத்தி வைப்பேன். மில் காகிதத்தோடு விற்கும் கடை எது என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் கடையின் பெயரைச் சொல்லி அனுப்புவேன். அப்படிப்பட்ட கடை உங்களுடையதாக இருந்தால், காகிதத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பிவையுங்கள். குன்னூரிலும் ஊட்டியிலும் இருக்கும் மற்ற மாஸ்டர்களிடமும் பேசியிருக்கிறேன். பள்ளிப் பிளேசர் ஆர்டருக்குத் துணி எடுக்கும் நேரம் வரும்போது நாங்கள் சேர்ந்தே வந்து கேட்போம்.

இப்படிக்கு,
குன்னூர் தையற்காரர் ஒருவர்